நடுங்கும் கையும் யந்திரக் கையும்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, பெருந்தெருவை விட்டு மேற்கே திரும்பிக் கடலை நோக்கிச் சென்றால் உடப்பு என்னும் கிராமம் வரும். கரைவலையும் அம்பாப் பாடலும் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பும் அவ்வூரின் பெயரை வெளியூருக்கு அறிவித்தவை. அக்கரையோரத்து வீடொன்றில் நான் கேட்ட இரண்டு வார்த்தைகளிலிருந்தே இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பத்தாந் தரத்தில் படிக்கும் என் மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாளாவது வகுப்புக்கு வருவதில்லை. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடொன்றுக்குப் போயிருக்கிறாள். தகப்பன் கடற்றொழிலாளி. வீட்டில் இருப்பவர் தாத்தா. ஒரு காலத்தில் கரைவலைக் கூட்டத்தின் முன்னணியில் நின்று கயிறு பிடித்தவர். இன்று நடுக்குவாதம் அவரைப் பிடித்திருக்கிறது. காலையில் அவரை எழுப்பி உட்கார வைப்பதும், முகம் கழுவி விடுவதும், சோற்றைப் பிசைந்து ஊட்டுவதும், நடக்கையில் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டால் விழாமல் தாங்குவதும் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் வேலைகள்.

ஒருநாள் வகுப்பில் யந்திர மனிதர்களைப் பற்றிய செய்தியொன்றை வாசித்துக் கொண்டிருந்தோம். கை வழங்காத நோயாளிக்குக் கரண்டியால் உணவூட்டும் ரொபோக் கைகள் வெளிநாடுகளில் உண்டு என்று அதில் கண்டிருந்தது. வகுப்பு சிரித்தது. அவள் மட்டும் எழுந்து, “சேர், அது எங்கட வீட்டில் இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் வரலாம்தானே?” என்று கேட்டாள்.

அன்று மாலை அவ்வீட்டுக்குச் சென்றபோது பெரியவரிடம் இதைச் சொன்னேன். மடியில் கிடந்த வலக்கை, பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல் ஓயாது நடுங்கிக் கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் அவர் சொன்னார்: “வலை இழுக்க மெஷின் வந்த அன்றைக்கு நாங்கள் முப்பது பேர் கரையில கைகட்டி நின்றோம், மாஸ்டர். இனிச் சோறு ஊட்டவும் மெஷினா?”

ஒரே கூரையின்கீழ் இரண்டு நியாயங்கள். பேத்திக்கு யந்திரம் விடுதலை. பாட்டனுக்கு அது பழைய பகைவன். முதியவர் விஞ்ஞானம் அறியாதவர், பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நோயாளர் யந்திரத் துணையை ஏன் மறுக்கிறார்கள் என்று ஆராய்வோரிற் சிலரும் அவ்வாறே சொல்லி நகர்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்த நோயின் வரலாற்றையும் யந்திரத்தின் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவன் அவ்வளவு எளிதில் நகர முடியாது.

தெருவில் கண்ட நோய்

1817 ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஹொக்ஸ்ரன் பகுதியைச் சேர்ந்த வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதம் பற்றி 66 பக்கங்களில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளர் ஆறு பேர். அவர்களுள் இருவரை அவர் தெருவிலேதான் சந்தித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கூனிய முதுகும், தள்ளாடி விரையும் நடையும், ஓய்ந்திருக்கும் கையில் மட்டும் எழும் நடுக்கமும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று கண்டுகொண்டது அவருடைய கூரிய பார்வை.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? பார்க்கின்சன் ஏழைகள் நிறைந்த பகுதியில் வைத்தியம் செய்தவர். பிரெஞ்சுப் புரட்சி மூட்டிய கனல் ஐரோப்பாவெங்கும் பரவிய நாட்களில், கைவினைஞரும் தொழிலாளரும் கூடி வாக்குரிமை கேட்ட லண்டன் கொரஸ்பொண்டிங் சங்கத்தில் அவர் உறுப்பினர். ‘கிழட்டு ஹியூபேட்’ என்ற புனைபெயரில் அரசைச் சாடித் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். மன்னரைக் கொல்லச் சதி நடந்ததென்று 1794 இல் சங்கத்தினர் மீது குற்றம் சுமத்தப்பட்டபோது ஆட்சியாளர் அவரையும் அழைத்து விசாரித்தனர். தெருவில் தள்ளாடிச் செல்லும் முதியவனை நின்று நோக்கிய கண், அவனுக்கு வாக்குரிமை வேண்டுமென்று வாதாடியவனின் கண் என்பதை மருத்துவ நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்னும் பேராசிரியர் அந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே வைத்தார். நீண்ட தூரம் புகைவண்டியிலோ குதிரை வண்டியிலோ பயணம் செய்து வந்தால் உடல் இலேசாகிறது என்று நோயாளர் சிலர் அவரிடம் கூறினர். அவர் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. மின்விசையால் அதிரும் நாற்காலியொன்றைச் செய்வித்து, 1892 ஆம் ஆண்டு விரிவுரையில் அதனை விளக்கினார். இந்நோயாளருக்கென அமைந்த முதல் யந்திரங்களுள் இந்நாற்காலியும் ஒன்று. அதில் அமர்ந்தவர்கள் நன்றாக உறங்கினோம், உடல் இளகிற்று என்றார்கள்.

அந்த நாற்காலி உண்மையில் பயன் தந்ததா? 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதிரும் நாற்காலியில் அமர்ந்தோரும் அதிராத நாற்காலியில் ஓய்வாய் அமர்ந்தோரும் ஏறக்குறைய ஒரே அளவில் நலம் கண்டனர். அதிர்வுக்குத் தனிச் சக்தி இருந்ததாகத் தெரியவில்லை. எனினும் இந்தக் கதையில் ஒரு பாடம் உண்டு. நோயாளர் அந்த யந்திரத்தை மனமுவந்து ஏற்றார்கள். ஏனெனில் அது அவர்களுடைய சொல்லிலிருந்து பிறந்தது.

சென்னையில் பிரித்த விதை

மருந்தின் கதை நம் மண்ணையும் தொட்டுச் செல்கிறது. வேலியோரங்களில் படர்ந்து, காயின் சுணை பட்டவரை அரித்தெடுக்கும் பூனைக்காலியை நம் நாட்டு வைத்தியர்கள் வாத நோய்களுக்குப் பயன்படுத்தி வந்தனர். 1937 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் அதன் விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அப்பொருள் நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பதை அன்று உலகம் அறியாது. 1961 இல் வியன்னாவில் பேர்க்மாயரும் ஹோர்னிகீவிச்சும் அதை நோயாளருக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தனர். 1967 இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் பெரிய அளவில் உட்கொள்ளக் கொடுத்துப் பயன் கண்டார். மரக்கட்டைபோல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

ஆனால் அம்மருந்து நோயை அழிப்பதில்லை. நரம்புக் கலங்கள் அழிந்துகொண்டே போகின்றன. ஆண்டுகள் செல்ல மருந்தின் வேகம் தளர்கிறது. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே உடல் மீண்டும் உறைகிறது. மருந்து ஆயுளை நீட்டித் தந்தது. அந்த நீண்ட ஆயுளில் சோறூட்டுவது யார், தாங்கி நடத்துவது யார் என்ற கேள்வி மருந்துக்கு அப்பால் நின்றது.

ஊழியம் என்னும் சொல்

யந்திர மனிதனின் கதை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. ‘ரொபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது ஒரு நாடகம். செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920 இல் எழுதி, மறு ஆண்டு பிராக் நகரில் மேடையேறிய அந்நாடகத்தில், மனிதனுக்காக உழைக்கவென்றே செய்யப்பட்ட பிறவிகளுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெப். ‘ரொபோட்டா’ என்றால் செக் மொழியில் நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய உழைப்பு.

நமக்கு இச்சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறிய வேண்டியதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் நம்மவர் ‘ஊழியம்’ செய்தார்கள். கண்டி இராச்சியத்தில் ‘இராஜகாரியம்’ என்றார்கள். ஆங்கிலேயரும் அதைத் தமக்குப் பயன்படுத்திவிட்டு, கோல்புறூக் ஆணைக்குழுவின் பின் 1832 இல் ஒழித்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து ஊழியம் ஒழிந்தது உண்மை. வீட்டுக்குள் ஒழிந்ததா? தாய் அந்நிய நாட்டில் யாரோ ஒருவரின் முதியவரைப் பராமரிக்கிறாள். அவள் வீட்டு முதியவரை அவளது மகள் படிப்பை விட்டுப் பராமரிக்கிறாள். முதலாவதற்குக் கூலி உண்டு, இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ரொபோ என்னும் சொல்லின் பழைய பொருளில் பார்த்தால், அந்த வீட்டில் ரொபோ ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பதினைந்து வயது.

கேட்டவர்களும் கொடுத்தவர்களும்

துணைக் கருவிகளின் பிற்கால வரலாறு போரிலிருந்து எழுகிறது. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்து திரும்பிய வீரர்களுக்காகக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் ஜோர்ஜ் கிளைன் என்ற பொறியியலாளர் மின்சாரச் சக்கர நாற்காலியை உருவாக்கினார். பின்பு வந்தவை யந்திரக் கைகள். 1987 இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் மைக் ரொப்பிங் செய்த ‘ஹண்டி’ என்ற கை, தானே உண்ண விரும்பிய பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்காகச் செய்யப்பட்டது. கனடாவின் ‘ஜாக்கோ’ என்ற கைக்கு அப்பெயர் வந்தது, தசைநலிவு நோயுற்ற ஒருவரின் செல்லப் பெயரால். தமக்கென ஒரு கையைத் தாமே செய்துகொண்ட அவருடைய மருமகன் பின்னர் 2006 இல் அதைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினான். ஜப்பானில் சங்காய் என்ற பேராசிரியர் அமைத்த ‘ஹால்’ என்னும் அணியுடை, கால் தசைக்கு மூளை அனுப்பும் நலிந்த மின் சமிக்ஞையைத் தோலின் மேலிருந்தே உணர்ந்து, நடக்கத் துணை செய்கிறது. நரம்பும் தசையும் மெல்ல மெல்ல நலியும் நோயாளருக்கான மருத்துவக் கருவியாக அந்நாட்டு அரசு அதை 2015 இல் அங்கீகரித்தது. மறு ஆண்டில் பொதுக் காப்புறுதியிலும் சேர்த்தது.

இவற்றை நோயாளர் ஏற்றார்களா? சில இடங்களில் ஏற்றார்கள்; சில இடங்களில் மூலையில் போட்டார்கள். 1993 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, உடற்குறைபாடுடைய 227 பேரிடம் விசாரித்து, அவர்கள் பெற்ற கருவிகளுள் 29.3 சதவீதம் முற்றாகக் கைவிடப்பட்டதைக் கண்டது. காரணங்களுள் முக்கியமானவை இவை: கருவியைத் தெரிவு செய்கையில் பயனாளியின் கருத்தைக் கேளாமை, கருவி சரிவர வேலை செய்யாமை, பயனாளியின் தேவை மாறிப் போனமை. கடைசிக் காரணம் முற்றிவரும் நரம்பு நோய்க்கு மிகவும் பொருந்தும். கால் இழந்தவனின் தேவை பெரும்பாலும் நிலையானது. நடுக்குவாதக்காரனுக்கு இன்று ஊன்றுகோல் போதும், நாளை நடைச்சட்டம், அதற்கடுத்து நாற்காலி. ஆகவே புதிய கருவி வாசலில் வரும்போதெல்லாம், நோய் ஒரு படி ஏறிவிட்டது என்ற செய்தியும் சேர்ந்தே வருகிறது. அவன் மறுப்பது கருவியையா, அந்தச் செய்தியையா என்று கேட்டறிய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

ஏற்பின் சிறந்த சாட்சி ஸ்டீபன் ஹோக்கிங். 1963 இல், தமது இருபத்தோராவது வயதில் இயக்க நரம்பு நோய்க்கு ஆளான அந்த விஞ்ஞானி 1985 இல் குரலை இழந்தார். கணினி ஒன்று அவருக்காகப் பேசிற்று. பின்னாளில் அதைவிட இனிய குரல்கள் வந்தபோதும், 2018 இல் மறையும்வரை அவர் அந்தப் பழைய யந்திரக் குரலை விடவில்லை. அது தம்முடைய குரலாகிவிட்டது என்றே கருதினார். ஆனால் அவரைச் சூழ்ந்து இரவும் பகலும் தாதியர் இருந்தனர், பொறியியலாளர் இருந்தனர், பல்கலைக்கழகம் இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. யந்திரம் தனியே வந்து ஒருவரையும் காப்பாற்றியதில்லை.

நம் பக்கத்து உதாரணம் ஜெய்ப்பூர்க் கால். மேல்நாட்டுப் பொய்க்கால் சப்பாத்துக்குள் இருக்க வேண்டியது. சம்மணமிட்டு அமரவோ குந்தவோ வெறுங்காலுடன் வயலில் இறங்கவோ விடாது. அதைப் பெற்ற குடியானவர்கள் அதை விட்டுவிட்டு மீண்டும் கவைக்கோலை ஊன்றினார்கள். 1960-களின் பிற்பகுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்தியரும் சேர்ந்து இறப்பராலும் மரத்தாலும் ஒரு பாதம் செய்தார்கள். குந்தலாம், சேற்றில் நடக்கலாம், மரம் ஏறலாம். மறுத்த மக்கள் உடனே ஏற்றார்கள். யாழ்ப்பாணத்திலும் 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் இயங்கி, யுத்தத்தில் கால் இழந்தோரை எழுந்து நிற்க வைத்தது. மாறியது மக்களின் மனம் அன்று, பொருளே மாறியது.

நமது கரையில்

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு இயலாமையுடன் வாழ்ந்தனர். 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமையைப் பேசிற்று. பொதுக் கட்டிடங்களில் அவர்கள் தடையின்றி நுழைய வழி அமைக்க வேண்டுமென 2011 இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016 இல் ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு நம் அரசு ஒப்புதல் அளித்தது. ஏட்டில் குறையில்லை. ஆனால் நரம்பியல் வைத்தியரைக் காண எங்கள் கரையோரத்து நோயாளர் விடியுமுன் பஸ் ஏறித் தூரத்து நகரத்துக்குப் போகிறார்கள். 2022 நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. நாட்டுக்கு ஒளி தரும் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது! அந்த இருளில் எந்த ரொபோக் கை அசைந்திருக்கும்?

பெரியவரின் மறுப்புக்கும் இக்கரையிலேயே வேர் உண்டு. கரைவலை என்பது பலர் சேர்ந்து இழுக்கும் வலை. அம்பாப் பாடலின் தாளத்தில் முப்பது நாற்பது கைகள் ஒன்றாய் அசைய, வலை கரையேறும்; கிடைத்த மீனில் ஒவ்வொரு கைக்கும் பங்கு. உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வந்தபின் சில கைகளே போதுமாயின. பாடல் ஓய்ந்தது. கைகளின் பங்கும் குறைந்தது. யந்திரம் அவர்கள் கேட்டு வந்ததுமில்லை. அது ஈட்டிய மிச்சம் அவர்களைச் சேர்ந்ததுமில்லை. அத்தகைய அனுபவம் உடைய ஒருவர் இன்னொரு யந்திரத்தைச் சந்தேகத்தோடு நோக்கினால், அதற்கு அறியாமை என்று பெயரிட நமக்கு உரிமை இல்லை. அது வர்க்க அனுபவம் கற்பித்த எச்சரிக்கை.

ஆயினும் அந்த எச்சரிக்கையின் விலையைக் கொடுப்பவர் அவரல்லர். பேத்தி கொடுக்கிறாள். மனிதக் கையின் கனிவைப் போற்றி எழுதும் நாம், அந்தக் கை யாருடையது, அது புத்தகத்தை விட்டுவந்த கையா என்று கேளாமல் எழுதுவோமானால், நாமும் ஊழியத்துக்குத் துணை போனவர்களாவோம்.

என்னால் ரொபோவைக் கொண்டுவர இயலவில்லை. 1967 இல் லண்டன் வைத்தியர் பர்டன் மார்ட்டின் எழுதிய ஒரு செய்தி மட்டும் நினைவுக்கு வந்தது. உறைந்து நிற்கும் நடுக்குவாதக்காரரின் முன் தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால், அவற்றைத் தாண்டுவதுபோல் அவர் காலெடுத்து வைத்துவிடுவார். நானும் மாணவியும் படுக்கையிலிருந்து வாசல்வரை சீமெந்துத் தரையில் சுண்ணாம்பால் கோடிட்டோம். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன என்றார். இன்னும் அகலமாக, ஓடத்தின் குறுக்குப் பலகைகள் இருக்கும் அளவுக்கு வேண்டும் என்றார். அழித்து, அவர் சொன்ன அளவில் மீண்டும் இட்டோம். அவர் எழுந்தார். ஒரு கோடு, அடுத்த கோடு, அடுத்தது. வாசலில் காய்ந்த கயிற்றுச் சுருளைக் கையில் எடுத்தபோது, மடியில் கிடந்து நடுங்கிய அந்தக் கை சற்று நேரம் அடங்கியிருந்தது. ஓய்விலே நடுங்கி வேலையிலே தணிவது இந்நோயின் இயல்பு என்று பார்க்கின்சன் காலத்து நூல்கள் சொன்னதை நான் அன்று கண்ணால் கண்டேன்.

கோடுகளால் வாரத்தில் ஒரு நாள் மீண்டது. முழு வாரமும் மீளவில்லை. சோறு இன்னும் ஊட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் கோடு போதாது. வேலைக்குரிய கூலியோடு வீடு தேடி வரும் பராமரிப்பாளர் வேண்டும், மாவட்ட வைத்தியசாலையில் நரம்பியல் சிகிச்சை வேண்டும், ஏழைக்கு எட்டும் விலையில் கருவி வேண்டும். அக்கருவியை அமைப்போர் முதலில் இந்தத் திண்ணையில் வந்து அமர்ந்து, பெரியவர் கோட்டின் அகலத்தைச் சொன்னதுபோல் அதன் அளவையும் சொல்லக் கேட்க வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இவற்றைத் தமது கோரிக்கைகளில் எழுதாத வரை வேறு யாரும் எழுதப் போவதில்லை.

வரவுப் பதிவேட்டில் இவ்வாரமும் அந்த மாணவியின் பெயருக்கு நேரே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.